வாவிக்கரை வீட்டில் ஓவியமாகும் தொலைக்காட்சி

பார்க்காத நேரத்தில் சுவரோவியமாக மாறும் தொலைக்காட்சியை வாங்குகிறவர்கள், படம் பளிச்சென்று தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டிவைக்கிறார்கள். அதைத்தான் செய்யக்கூடாது என்பேன். காகிதமும் துணியும் தாமாக ஒளிர்வதில்லை. அறையின் வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. திரை அறையைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தாலே அது ரீவி என்று கண் கண்டுபிடித்துவிடும். சாம்சங் 2017இல் கொண்டுவந்த ‘த ஃபிரேம்’ அறையின் வெளிச்சத்தை அளந்து தன் ஒளியைச் சரிசெய்வதும், 2022இல் அதற்குப் பளபளப்பற்ற திரை வந்ததும் இதற்காகவே. ஆனாலும் மாட்டும் சுவரைத் தெரிவுசெய்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, நாவற்குடாப் பக்கத்து வீடுகளில் பகலில் யன்னலால் வெளிச்சம் கொட்டும். யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் திரை அதோடு போட்டிபோட்டு ஒளியைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வெயில் நேரே படாத, இரண்டு அறைகளைப் பிரிக்கும் உட்சுவரே நல்லது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்த ரீவியைச் சுவரோடு ஒட்டினாற்போல் மாட்டுவதால் பின்னால் காற்று புக இடமில்லை. நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை வாடைமழையில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். உட்சுவர் அந்தளவு நனையாது.

மங்கலாக வைத்தால் மின்சாரமும் மிஞ்சும். ஓவியமாக நிற்கும்போதும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. 40 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 10 மணித்தியாலத்தில் மாதம் 12 அலகு. இலங்கையில் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு அலகு விலையும் நிலையான கட்டணமும் மாறிவிடுவதால், இந்த 12 சிறிய தொகையல்ல. ஆள் நடமாட்டம் இல்லாதபோது திரையை அணைக்கும் வசதியை ஒருபோதும் நிறுத்திவைக்காதீர்கள். ஓஎல்இடி ரீவியில் இதையே செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அசையாத படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடக்கூடும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஓர் அசல் ஓவியத்தை வாங்கலாமே என்று கேட்பார்கள். வாங்கத்தான் வேண்டும். கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே காண்பியக் கலை படிக்கிறவர்களின் கைவேலைக்கு நம் சுவர்களில் இடம் வேண்டும். ஆனால் ரீவி எப்படியும் வீட்டுக்கு வரத்தான் போகிறது. அது ஓடாத நேரத்தில் கறுப்புச் செவ்வகமாக நிற்பதா, வேறொன்றாக நிற்பதா என்பதே கேள்வி. வேறொன்று என்றால், எங்கோ உள்ள அருங்காட்சியக ஓவியத்துக்குச் சந்தா கட்டுவதைவிட, படுவான்கரை வயலையோ வாவியில் வலை வீசுகிறவரையோ நீங்களே எடுத்த படத்தைப் போடலாம். கைபேசிப் படம் திரையளவுக்குப் பொருந்தாவிட்டால், சுற்றி வெள்ளை ஓரம் விடுங்கள். சட்டமிட்ட படத்தின் தோற்றம் வந்துவிடும். பளிச்சென்ற நீல வானத்தைவிட மாலை நிறங்களே திரையில் காகிதம்போல் அடங்கும்.

சாமி படத்தையும் காலமான பெற்றோரின் படத்தையும் மட்டும் இதில் ஏற்றவேண்டாம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தப் படங்கள் கரண்டை நம்பி இருக்கக்கூடாது.