சித்தன்னவாசலும் கூடிக் காணும் மாயவெளியும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை நம் மாணவரிற் பலர் கண்டிருப்பர். அர்த்த மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கின், தாமரையும் மீனும் அன்னமும் எருமையும் யானையும் நிறைந்த பொய்கையொன்று நம் தலைக்குமேல் விரிகின்றது. மலர் கொய்வார் மூவர் அதனுள் நிற்கின்றனர். சமண நூல்கள் கூறும் சமவசரணம் என்னும் திருவவையைச் சார்ந்த நீர்நிலை இஃதென்பர் அறிஞர். அவ்வவையில் தீர்த்தங்கரர் ஒருதிசை நோக்கி வீற்றிருப்பினும் நாற்புறத்தாரும் அவரைத் தம் எதிர்முகமாகவே காண்பர் என்பது சமணர் மரபு.

பலர் ஒருங்கு கூடி, அவரவர் நின்ற இடத்தினின்றே பழுதறக் காணும் அவை! இக்காலத்து மெய்நிகர்க் கருவி செய்வார் நாடுவதும் இதுவே. 1992-இல் சிகாகோ நகரத்து இல்லினாய் பல்கலைக்கழகத்தார் சுவர்களிலும் தரையிலும் ஒளிப்படம் வீழ்த்தி ஓர் அறை சமைத்து, அதற்குக் ‘குகை’ என்றே பெயரிட்டனர். பலர் அதனுள் நிற்கலாம். ஆயின் பொறி அளந்து தொடர்ந்தது ஒருவருடைய தலையசைவையே. ஏனையோர் அவர் பார்வையைக் கடன் வாங்கிச் சற்றே கோணிய உலகைக் கண்டனர். 1996-இல் வியன்னாவில் தோன்றிய ‘ஷ்டூடியர்ஷ்டூபே’ என்னும் அமைப்பிலோ ஆளுக்கொரு தலைக்கருவி. எதிரிலிருப்பார் முகமும் மறையாது. நடுவில் தோன்றும் உருவத்தின் முன்புறம் ஒருவர்க்கும் பின்புறம் மற்றவர்க்கும் புலப்படும். உள்ள உலகின்மீதே இல்லாத உருவைச் சேர்க்கும் இம்முறையை மிகை மெய்ம்மை என்பர்.

இதன்கண் பெரிய இடர்ப்பாடு அழகிலன்று, அளவிலே உளது. எல்லாக் கருவிகளும் ஒரே புள்ளியை மூலமாக ஒப்புக்கொண்டு அதனின்றே இடம் கணித்தல் வேண்டும். கோணத்தில் ஒரு பாகை பிழைப்பின் 3 மீட்டர்த் தொலைவில் உருவம் 5 சென்டிமீட்டர் விலகும். ஆசிரியர் தாமரை மொட்டைச் சுட்ட, மாணவர் மீனைக் காண்பர். சித்தன்னவாசல் ஓவியனுக்கு இக்கவலை இல்லை. பாறையே அவனுக்குப் பொதுமூலம்.

அப்பாறையின் ஓவியமோ பல இடங்களில் உதிர்ந்தும் மங்கியும் போயிற்று. அதனை முழுதும் அளந்து மெய்நிகர் மண்டபமாக்கின், இங்குள்ள மாணவரும் கடல் கடந்த பழைய மாணவரும் ஒரே விதானத்தின் கீழ் நின்று, சுதையைத் தீண்டாமலே, இவ்விதழை அவ்விதழோடு ஒப்பிட்டு வாதிடலாம். இம்முயற்சியை யாம் பெரிதும் விரும்புகின்றோம். ஆயினும் உதிர்ந்த இடங்களை யார் நிரப்புவது? கணினி நிரப்பிய வண்ணமும் பழைய வண்ணமும் வேறுபாடின்றித் தோன்றின், கூடி நிற்கும் அனைவரும் ஒருங்கே ஏமாறுவர். தனியே ஏமாறுவானைப் பிறர் திருத்துவர், ஒருங்கு ஏமாறினாரை யார் திருத்துவார்? 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தே, இம்மண்டபத்தைப் புதுக்கிய மதுரையாசிரியன் இளங்கௌதமன் தான் செய்த பணியைக் கல்லில் பொறித்து வைத்தான். புதிதாய்ச் சேர்க்கும் ஒவ்வோர் இதழும், காண்பான் வேண்டியபோது விலகி அடியிலுள்ள வெறுஞ்சுதையைக் காட்டுமாறு அமைத்தல் இக்கணினிகட்கு அரிதன்று.