முயலுக்கு நான்கு கால்

கற்றல் நோக்கம்: வளர்ப்பு விலங்கின் தேவையை உற்றறிந்து பேணுதல், பழமொழியை வாழ்வோடு பொருத்திப் பார்த்தல்.

பாடம்

‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்பது பழமொழி. கண்ணெதிரே உண்மை இருந்தும் தம் கருத்தையே சாதிப்பவரை இது இடித்துரைக்கிறது. வீட்டில் முயல் வளர்ப்போரிடமும் இத்தகைய ‘மூன்று கால்’ கருத்துகள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பழமொழியில் வருவது நம் ஊர் வயற்காட்டில் ஓடும் காட்டுமுயல். அதனைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972) காக்கிறது. பிடித்து வளர்த்தல் கூடாது. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். அதன் முன்னோர் ஐரோப்பாவில் நிலத்தடி வளைகளில் வாழ்ந்தவை.

முதற்கருத்து, முயலின் உணவு கேரட் என்பது. உண்மையில் முயல் புல் தின்னும் விலங்கு. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த காய்ந்த புல்லை அரைத்துத் தின்றால்தான் பற்கள் தேயும். குடலும் சீராக இயங்கும். ஆகவே காய்ந்த புல்லும் தூய நீரும் எந்நேரமும் அதன் அருகில் இருத்தல் வேண்டும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவற்றைக் கழுவி நாள்தோறும் தரலாம். கேரட் இனிப்பு மிகுந்தது. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவை அதற்கு நஞ்சு. சோறு, சப்பாத்தி, பிஸ்கட் ஆகியவற்றையும் தவிர்க்க.

இரண்டாவது கருத்து, காதைப் பிடித்துத் தூக்கலாம் என்பது. இது முயலுக்குப் பெருந்துன்பம் தரும். முயலின் எலும்புகள் மெல்லியவை. பின்கால்களோ வலிமை மிக்கவை. அஞ்சி உதைக்கும்போது தன் முதுகெலும்பையே அது முறித்துக்கொள்ளக் கூடும். ஒரு கையை மார்பின் கீழும் மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, நம் உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

மூன்றாவது கருத்து, நமக்குப் போதுமான மின்விசிறி முயலுக்கும் போதும் என்பது. நமக்கு வியர்வை ஆறும்போது உடல் குளிர்கிறது. முயலோ பெரும்பாலும் காதுகளில் ஓடும் குருதியின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. முப்பது பாகை செல்சியசைக் கடந்தாலே அதற்கு இடர்தான். தில்லியின் மே மாத வெயிலோ நாற்பதைக் கடக்கும். எனவே கூண்டைப் பால்கனியில் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். காதுகளை ஈரத்துணியால் துடைக்கலாம். குளிப்பாட்டுதல் கூடாது, அச்சமே அதன் உயிரைப் பறித்துவிடலாம்.

நான்காவது கருத்தே மிகவும் தீங்கானது. முயல் அமைதியாக இருந்தால் நலமாக இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். காட்டில் தளர்ந்த விலங்கே பகைவிலங்கின் கண்ணில் முதலில் படும். அதனால் முயல் தன் நோயை மறைத்துக்கொள்ளும். வலித்தாலும் பெரும்பாலும் குரல் எழுப்பாது. நாம்தான் நாள்தோறும் இரண்டைப் பார்க்க வேண்டும்: புல் குறைந்திருக்கிறதா? புழுக்கை வழக்கம்போல் உருண்டையாகவும் நிறையவும் விழுந்திருக்கிறதா? அரைநாள் உண்ணாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால் குடல் நின்றுபோயிருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மாணவர்களே, நன்கு பேணினால் முயல் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை வாழும். அதற்குள் நீங்கள் பள்ளிப்படிப்பை முடித்துவிடுவீர்கள். பெற்றோருக்குப் பணியிட மாற்றமும் வரலாம். கோடை விடுமுறையில் நீங்கள் ஊருக்குப் போகும் மாதமே இங்கு வெயில் கொளுத்தும் மாதம். நெடுந்தொலைவு இரயில் பயணம் முயலுக்கு ஏற்றதன்று. அந்நாள்களில் அதனை யார் பார்த்துக்கொள்வார்? இவ்வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே முயல் வேண்டும் என்று வீட்டில் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்

இடித்துரைத்தல் – கண்டித்துக் கூறுதல்
வளை – விலங்குகள் மண்ணைத் தோண்டி வாழும் இடம்
குருதி – இரத்தம்
பாகை – டிகிரி
புழுக்கை – ஆடு, முயல் முதலியவற்றின் சாணம்

பயிற்சி

1. முயலுக்குக் காய்ந்த புல் இன்றியமையாதது ஏன்? இரண்டு காரணங்கள் எழுதுக.
2. முயல் தன் நோயை ஏன் மறைக்கிறது?
3. பிரித்து எழுதுக: கண்ணெதிரே, முதற்கருத்து, நீர்ப்புட்டி.
4. ‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்னும் பழமொழி பொருந்தும் நிகழ்ச்சி ஒன்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.
5. நீங்கள் ஒரு மாதம் ஊருக்குச் செல்கிறீர்கள். உங்கள் முயலைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மாமிக்குக் கடிதம் எழுதுக. அவர் நாள்தோறும் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை, மருத்துவரை அழைக்க வேண்டிய வேளை ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுக.