பண்ணும் சுருதியும் – யாழ் காட்டும் இசைக் கணக்கு

இறைவனை இசை வடிவினனாகக் கண்டு போற்றுவது சைவ மரபு. திருமுறைகளைப் பண்ணோடு ஓதுவதே முறை எனப் பெரியோர் வகுத்தனர். பண்ணுக்கு உயிர் சுருதி. அச்சுருதி எங்கிருந்து பிறக்கின்றது, அதன் அளவு யாது என்பவற்றை இளந்தலைமுறையினர் அறிந்து கொள்வது அவசியமாகும்.

ஏழு நரம்பும் இருபத்திரண்டு அலகும்

ச, ரி, க, ம, ப, த, நி என இன்று வழங்கும் ஏழு சுரங்களையும் பழந்தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என அழைத்தனர். இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்பட்டுள்ளன. கூட்டினால் 22 வரும். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் கூறும் சுருதிகளும் 22 ஆகும்.

இந்த எண்களின் பொருளை எளிய சோதனை ஒன்றினால் அறியலாம். ஒரு பலகையில் 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினால் எழும் ஒலியைச் சட்சமாகக் கொள்க. கம்பியின் கீழே ஒரு சிறு மரக்கட்டையை நகர்த்தி, ஒலிக்கும் பகுதியின் நீளத்தைக் குறைத்துக் கொண்டு வந்தால் சுரங்கள் பின்வருமாறு பிறக்கும்.

ச – 90
ரி – 80
க – 72
ம – 67½
ப – 60
த – 54
நி – 50⅝
மேல் ச – 45

சரிபாதியில் மேற்சட்சமும், மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்கில் மத்திமமும், ஐந்தில் நான்கு பங்கில் அந்தர காந்தாரமும் பிறக்கின்றன. சிறிய முழு எண்களின் விகிதத்தில் அமைந்த ஒலிகள் ஒன்றோடொன்று இழைந்து செவிக்கு இனிமை தருவது இயற்கை விதி. கிரேக்க நாட்டுப் பிதகோரஸ் பெயரால் மேல்நாட்டார் போற்றுவதும் இதனையே.

மேற்கண்ட வரிசை அரிகாம்போதி இராகத்துக்குரியது. பழந்தமிழரின் செம்பாலை இதுவே என ஆய்வாளர் பலர் கொள்வர். இதில் மூன்று விதப் படிகள் உண்டு. பெரிய படி 9/8, நடுப்படி 10/9, சிறிய படி 16/15. பெரியதற்கு நான்கு, நடுவுக்கு மூன்று, சிறியதற்கு இரண்டு என அலகு கொடுத்தால், சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரை 4, 3, 2, 4, 3, 2, 4 என வரும். குரலுக்குரிய நான்கை மேற்குரலுக்கு ஏறும் இறுதிப் படியாக வைத்து எண்ணினால், முன்னோர் கூறிய அலகு வரிசை அப்படியே கிடைக்கின்றது.

வட்டம் மூடாத கணக்கு

ஒரு நரம்பிலிருந்து அதன் இளியை, அதாவது பஞ்சமத்தைக் கண்டு, அதிலிருந்து அடுத்த இளியைக் காண்பது மற்றொரு முறை. இவ்வாறு பன்னிரண்டு தரம் சென்றால் தொடங்கிய சுரத்துக்கே திரும்ப வேண்டும். ஆனால் கணக்கில் ஏறக்குறைய 129¾ மடங்கு வருகின்றது. ஏழு தாயி ஏறினால் வருவதோ 128 மடங்கு. வட்டம் சற்றே மூடாமல் நின்று விடுகின்றது. உலகில் இசைக் கணக்கு செய்த எல்லோரும் எதிர்கொண்ட சிக்கல் இது.

இதற்குத் தீர்வாக அவ்வித்தியாசத்தைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு விடும் முறை தோன்றியது. சீன தேசத்து இளவரசர் சூ சாய்யூ 1584ஆம் ஆண்டில் இதற்குக் கணக்கு எழுதினார். பின்னர் ஐரோப்பாவின் பியானோ முதலிய கருவிகளில் இம்முறை நிலைபெற்றது. ஆர்மோனியமும் இன்றைய மின்னிசைப் பலகையும் இவ்வழி வந்தவையே.

இரு பேரறிஞர்கள்

தமிழிசையில் இக்கணக்கை ஆராய்ந்தோருள் இருவர் தலையாயவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை 1912இல் நிறுவி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். தாயியைச் சமமான 24 சுருதிகளாகப் பிரிப்பதே பழந்தமிழர் முறை என்பது அவர் கொள்கை. எந்தச் சுரத்தைக் குரலாக வைத்துப் பண்ணுப் பெயர்த்தாலும் குறைவு நேராதிருப்பது அம்முறையின் பலமாகும்.

மற்றவர் ஈழம் தந்த சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, துறவு பூண்டவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்பொழுது கொழும்பிலிருந்த அப்பல்கலைக்கழகமே 1952இல் ஹந்தானை மலைச்சாரலில், பேராதனையில் நிலைகொண்டது. அவர் ஏற்ற ஆசனத்தின் வழிவந்த தமிழ்த்துறை இன்றும் இம்மலையடிவாரத்தில் இயங்குவது ஹந்தானை மக்களுக்குப் பெருமை தருவதாகும். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கணித அறிவோடு ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. 22 அலகுகளை விகிதக் கணக்கால் விளக்கும் அந்நூல், தேவாரப் பண்களுக்கும் தனி இயல் வகுத்துள்ளது. அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார்.

ஆலயத்தில் ஆர்மோனியம்

இக்கணக்கெல்லாம் ஏன் என்று சிலர் கேட்கலாம். சட்சத்தின் மீடிறனைச் செக்கனுக்கு 240 என வைத்துக் கொண்டால், இயற்கையான அந்தர காந்தாரம் 300 ஆகும். ஆர்மோனியக் கட்டையில் வருவது 302.4. தைவதம் 400க்குப் பதிலாக 403.6. பஞ்சமத்தில் வேற்றுமை அரை அதிர்வுக்கும் குறைவு. ஆகவே பஞ்சமம் சேர்ந்து ஒலிக்கும். காந்தாரமும் தைவதமும் சற்றுக் கூர்மையாக நிற்கும். சுருதி சேர்த்த தம்புராவின் நாதத்திலே காந்தாரம் தானாகவே எழுவதை ஊன்றிக் கேட்போர் அறிவர். அது 300இன் இனம். பிள்ளை தம்புராவைக் கேட்டுப் பாடினால் அந்த இடத்தில் நிற்கும். கட்டையை மட்டுமே கேட்டுப் பழகினால் அதன் இடத்தையே சரியென்று கொள்ளும். கமகமும் கட்டையில் வராது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு இத்தகைய குறைகளே காரணமாகக் காட்டப்பட்டன.

எனினும் ஆர்மோனியத்தை அடியோடு ஒதுக்குவது தோட்டப்புற ஆலயங்களுக்கு ஏற்றதன்று. தம்புராவும் வீணையும் எட்டாத இடங்களில் பஜனையையும் கூட்டு வழிபாட்டையும் வாழவைத்த கருவி அது. சுரம் காட்டித் தரவும், பலர் ஒன்றாகப் பாடவும் அது உதவட்டும். பண்ணிசை வகுப்பில் சுரத்தைக் காட்டியபின் அதனை மூடிவிட்டு, தம்புரா அல்லது சுருதிப்பெட்டியின் நாதத்தோடு மட்டும் பிள்ளைகளைப் பாட வைப்பது நன்று. காந்தாரத்திலும் தைவதத்திலும் சற்று நேரம் நின்று செவிசாய்க்கப் பழக்க வேண்டும். வாரத்தில் கால் மணி நேரம் இதற்குப் போதுமானது.

யாழ்மூரி உணர்த்துவது

திருஞானசம்பந்தர் பாடல்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கருவியால்தான் பதிகம் சிறக்கின்றது என உறவினர் புகழ்ந்தபோது அவர் மனம் வருந்தினார். தருமபுரத்திலே சம்பந்தப் பெருமான் யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள, பாணர் யாழையே முறிக்க முற்பட்டார். பெருமான் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு பணித்தார் எனப் பெரியபுராணம் கூறும். பிற்காலத்தில் தேவாரப் பண்கள் மறைந்திருந்தபோது, எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரின் வாயிலாகவே அவை மீட்கப்பட்டன என்பது வரலாறு.

கருவிக்கு எல்லை உண்டு என்பதை யாழ்மூரி காட்டுகின்றது. அதற்காகக் கருவியை முறிக்கத் தேவையில்லை என்பதையும் அதுவே காட்டுகின்றது. பண்களைக் காத்து நின்றது ஓர் ஏட்டுச் சுவடியன்று. கேட்டுப் பழகிய செவியும் பாடிப் பழகிய மிடறுமே. ஹந்தானைப் பிள்ளைகளின் செவியும் மிடறும் அவ்வாறு பண்பட எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.