காட்டுக் கிழங்கும் பளியரும்

கேள்வி: ரேஷன் அரிசி கிடைக்கும் இக்காலத்தில் தேனி மாவட்டப் பளியர்களுக்குக் காட்டுக் கிழங்கு எதற்கு?

பதில்: வருசநாடு, மேகமலைச் சரிவுகளிலும் கம்பம் பள்ளத்தாக்கின் மலையோரங்களிலும் வாழும் பளியர்கள், உழவைச் சாராமல் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த பழங்குடியினர்; அவர்களது பழைய உணவின் நடுவே இருந்தது, மரங்களில் சுற்றிப் படரும் வள்ளிக் கொடியின், மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் மாவுச்சத்து மிக்க கிழங்காகும். கொடி காய்ந்த பின்னும் அது நின்ற இடத்தை அடையாளம் கண்டு, கூரிய கோலால் தோண்டி எடுப்பது, மூத்தோருடன் காட்டில் நடந்தே பெறக்கூடிய அறிவு. பசியை ஆற்றும் அரிசி (அதன் தேவையை மறுப்பதற்கில்லை) இவ்வறிவைத் தருவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 'சிறு வன மகசூல்', அதாவது வெட்டுமரம் நீங்கலான காட்டு விளைபொருள் என்பதில் தேனோடு வேரையும் கிழங்கையும் சேர்த்து, அவற்றைச் சேகரிக்கும் உரிமையை ஏற்கிறது. மேகமலை 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியான பின், அவ்வுரிமை ஏட்டிலிருந்து காட்டுப் பாதைக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.