நாகலாபுரம் மலைகளும் சென்னையின் கோடை இடிமழையும்

சித்திரை மாதத்தின் பிற்பகுதியில், அக்கினி நட்சத்திரம் தொடங்கும் நாட்களில், சென்னையில் பிற்பகல் மூன்று மணியளவில் மாடியேறி வடமேற்குத் திசையை நோக்கி நிற்போர் சிலர் உண்டு. அவர்கள் வானிலைத் துறையின் ஊழியர்கள் அல்லர். பொறியாளர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பல தொழிலினர். வீட்டு மாடியில் மழைமானி வைத்திருப்பவர்கள். ரேடார் படத்தைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பார்ப்பவர்கள். அவர்களுடைய பேச்சில் மீண்டும் மீண்டும் வரும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று நாகலாபுரம். 'நாகலாபுரத்தில் மேகம் எழுந்துவிட்டது' என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அன்று மாலை நகரத்திற்கு மழை வரக்கூடும் என்பது அதன் பொருள்.

ஆந்திரப் பிரதேசத்தில் முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்ட பின்னர் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியுள்ள இவ்வூர், ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி, பிச்சாட்டூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ளது. மச்சாவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயிலால் புகழ்பெற்றது. கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரை இவ்வூருக்கு இட்டார் என்பர். பக்தர்களும் மலையேறுவோரும் நன்கறிந்த இந்த ஊரைச் சென்னையின் மழை விரும்பிகள் வேறொரு காரணத்திற்காக மனத்தில் இருத்திக்கொண்டுள்ளனர்.

மேகம் எழும் முறை

கோடை இடிமழைக்கு மூன்று காரணிகள் ஒருங்கே அமைய வேண்டும். நிலமட்டத்தில் ஈரமுள்ள காற்று இருத்தல் வேண்டும். அக்காற்று மேலெழுந்தால் தொடர்ந்து எழக்கூடிய வகையில் மேலடுக்குகள் குளிர்ந்திருத்தல் வேண்டும். முதலில் அதனைத் தூக்கிவிட ஏதேனும் ஒரு விசை வேண்டும். மே மாதத்தில் நண்பகல் சூரியன் சென்னையின் உச்சிக்கு அருகில் நிற்கிறது. முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வீசும் வறண்ட நிலக்காற்று வெப்பத்தை ஏற்றுகிறது. நண்பகலையொட்டி வங்கக் கடலிலிருந்து கடற்காற்று உட்புகுந்து, ஈரப்பதத்துடன் மேற்கு நோக்கி நகர்கிறது. இவ்விரு காற்றுகளும் சந்திக்கும் கோட்டில் காற்றுக்கு மேலே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. நகரி, நாகலாபுரம், சத்தியவேடு ஆகிய பகுதிகளின் குன்றுத் தொடர்கள் இங்குதான் குறுக்கிடுகின்றன. வெயிலில் காய்ந்த மலைச்சரிவு தன்மேல் உள்ள காற்றைச் சமவெளியைவிட விரைவில் சூடாக்குகிறது. எழுச்சி எளிதாகிறது. அந்நாளில் கப்பலில் வந்த மாலுமிகளுக்குக் கரையின் அடையாளமாக விளங்கிய 'நகரி மூக்கு' என்னும் சிகரம் இத்தொடர்களைச் சேர்ந்ததே.

இவ்வாறு எழும் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து துளிகளாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் மேகத்தை மேலும் உயர்த்துகிறது. ஒரு மணி நேரத்திற்குள் பஞ்சுப் பொதி போன்ற சிறு மேகம் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரமுள்ள கோபுரமாகிவிடுகிறது. அதன் உச்சி கொல்லனின் பட்டடைக்கல் போலத் தட்டையாகப் பரவுகிறது. சென்னையின் மாடியில் நிற்பவர் முதலில் காண்பது இந்த உச்சியைத்தான். அடிப்பகுதி பெரும்பாலும் மறைந்திருக்கும்.

மேகம் உருவானால் மட்டும் போதாது, அது கிழக்கே வரவும் வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேலடுக்குக் காற்று பெரும்பாலும் வலுவற்று இருப்பதால், உள்நாட்டில் எழும் இடிமேகங்கள் அங்கேயே பொழிந்து ஓய்கின்றன. மே மாதத்தில் மேலடுக்கில் மேற்கு, வடமேற்குக் காற்று வலுப்பெறும் நாட்களில் அவை கடற்கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று நிலைபெற்றபின் இது வழக்கமாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளதாகக் கூறப்படும் சென்னை, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் கணிசமான மழை பெறுவது பெரும்பாலும் இத்தகைய மாலை, இரவு நேர இடிமழைகளால்தான்.

ஏமாற்றங்களும் உண்டு. ஆர்வலர்களிடம் கேட்டால் மழை பெய்த நாட்களைவிட மழை தப்பிய நாட்களையே விரிவாகச் சொல்வார்கள். நகரத்தை முன்னதாகவே குளிர்வித்துவிட்ட கடற்காற்று, நிலத்தையொட்டிக் குளிர்ந்த காற்றடுக்கு ஒன்றைப் படியச் செய்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகத்திற்கு ஊட்டமாக வேண்டிய வெப்பக் காற்று அங்கு கிடைப்பதில்லை. திருவள்ளூர் வரை இடித்துக்கொண்டு வந்த மேகம் ஆவடியில் தேய்ந்து, அண்ணாநகரில் வெறும் குளிர்காற்றாகவும் புழுதியாகவும் முடிந்துபோவது இதனால்தான். வங்கக் கடலில் தோன்றும் புயல் வடக்கே செல்லும் ஆண்டுகளில் நிலைமை இன்னும் கடினம். 2019 மே 3ஆம் நாள் ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்த 'ஃபனி' புயல் சென்னைக்கு மழை தரவில்லை. அவ்வாண்டு நகரின் ஏரிகள் வறண்டன. ஜூன் 20ஆம் நாளையொட்டித்தான் குறிப்பிடத்தக்க முதல் மழை பெய்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அந்த வாரங்களில் வடமேற்கு வானத்தைப் பார்த்தவர்கள் ஆர்வலர்கள் மட்டுமல்லர்.

இரண்டு மணி நேரத்தின் மதிப்பு

நாகலாபுரத்திற்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவு. மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் இடிமேகம் இத்தொலைவைக் கடக்கச் சுமார் இரண்டு மணி நேரமாகும். பொருளாதார நோக்கில் கோடை இடிமழை பற்றிய ஆர்வத்தின் சாரம் இந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளது. மறுநாள் இடிமழை வருமா என்பதைக் கணித முன்மாதிரிகள் ஓரளவு சொல்லும். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதை அவற்றால் திட்டமாகச் சொல்ல இயலாது. மேகம் எழுந்த பின்னர் ரேடார் அதனைச் சொல்லும். இந்திய வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்கென உடனடி முன்னறிவிப்புகளை வெளியிடுவது இந்த அடிப்படையில்தான்.

இத்துறையில் சென்னைக்கு நெடிய மரபு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் சென்னையில் நிறுவப்பட்டது. பள்ளிக்கரணையில் மற்றொரு ரேடார் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. மலைகளுக்கு அப்பால், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய ரேடார் வளிமண்டலத்தின் உயரடுக்குகளை ஆராய்கிறது. ஆகவே நாகலாபுரம் மலைகள் கருவிகளின் பார்வைக்கு உட்பட்டவையே.

ஆர்வலர்களின் பங்கு இக்கருவிகளுக்குப் போட்டியன்று. ரேடார் படத்திலுள்ள சிவப்புப் புள்ளியைச் சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் தமிழில் எடுத்துச் சொல்வது அவர்களது முதற்பணி. பிரதீப் ஜான் போன்றோர் பொதுமக்களிடையே பெற்ற செல்வாக்கிற்கு இதுவே காரணம். இரண்டாவது பணி அளவெடுத்தல். கோடை இடிமழை மிகக் குறுகிய பரப்பில் பெய்வது. ஒரு பேட்டையில் 6 சென்டிமீட்டர் பெய்யும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தரை நனையாமலும் இருக்கலாம். அரசு மழைமானிகள் எத்தனை வைத்தாலும் இடைவெளி இருந்தே தீரும். பிரிட்டனில் ஜி. ஜே. சைமன்ஸ் 1860ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய தன்னார்வ மழையளவைப் பணி, 1900இல் அவர் மறைந்தபோது மூவாயிரத்திற்கும் மேற்பட்ட அளவையாளர்களைக் கொண்டிருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸ் நகரைத் தாக்கிய வெள்ளத்திற்குக் காரணமான மழை எவ்வளவு சிறு பரப்பில் கொட்டியது என்பது உணரப்பட்டபின், 1998இல் அங்கும் பொதுமக்களின் மழைமானி அமைப்பு உருவாயிற்று.

அளவெடுப்பதில் ஒரு நுணுக்கத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். நம் நாட்டில் மழைமானி காலை 8.30 மணிக்குப் படிக்கப்படுகிறது. முந்தைய 24 மணி நேர மழை முழுவதும் அந்தக் காலையின் தேதியில் பதிவாகிறது. மே 10ஆம் நாள் இரவு 8 மணிக்குக் கொட்டிய மழை ஏட்டில் மே 11ஆம் நாளின் மழையாக நிற்கும். பயிர் இழப்பீட்டு மனுவில் விவசாயி எழுதும் தேதியும் அலுவலகப் பதிவிலுள்ள தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கோப்பு திரும்பிவருவதற்கு இது ஒரு காரணமாகலாம். மனு பொய்யன்று, ஏடும் பொய்யன்று.

மேகம் பிறக்கும் இடத்தில்

நகரத்தின் கண்ணோட்டத்தில் இதுவரை கூறப்பட்ட இரண்டு மணி நேரம் நாகலாபுரத்திற்கு இல்லை. மேகம் அங்கேயே பிறந்து, அங்கேயே முதலில் இடிக்கிறது. சென்னைவாசி அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகப் புறப்படவும், மாடியில் உலரும் வற்றலை எடுத்துவைக்கவும் உதவும் அதே மேகம், மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவருக்கு அரை மணி அவகாசம்கூடத் தருவதில்லை. எச்சரிக்கையின் பயன் இடத்திற்கேற்ப ஏற்றத்தாழ்வுடன் பகிரப்படுவதை வளர்ச்சிப் பொருளாதாரம் கவனிக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சி, ஒரே ரேடார். ஆயினும் கிடைக்கும் அவகாசம் வேறு.

உயிரிழப்புப் புள்ளிவிவரங்கள் இதன் கடுமையை உணர்த்துகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இது. நாடெங்கும் இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் திறந்த வெளியில் வேலை செய்தவர்கள். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாங்காய் அறுவடை மே முதல் ஜூலை வரை நடைபெறுவதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கூழ் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மாங்காய் மரத்தில் தொங்கும் காலமும், இடிமழைக் காலமும் ஒன்றே. காற்று அடித்தால் காய் உதிரும். உதிர்ந்த காய்க்கு விலை இறங்கும். ஆகவே மேகம் கறுக்கும்போது தோட்டத்திலிருப்பவர் வீடு செல்ல விரைவதில்லை, காயைப் பறிக்க விரைகிறார். மழை வந்துவிட்டால் மாமரத்தின் அடியிலேயே ஒதுங்குகிறார். அவர் செய்யக்கூடாதது அதுதான்.

இடி எத்தனை தொலைவில் உள்ளது என்பதை அறியக் கருவி தேவையில்லை. மின்னல் தெரிந்த கணத்திலிருந்து இடியோசை கேட்கும்வரை உள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்குக் கிடைக்கும். 30 விநாடிக்குள் ஓசை வந்தால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது. உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வரலாம். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' கைபேசிச் செயலி, பயனாளியைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டங்களில் மின்னலைக் காட்டுகிறது. ஆந்திர மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மின்னல் எச்சரிக்கைகளைக் கைபேசிகளுக்கு அனுப்பிவருகிறது. ஆனால் கைபேசியைத் தோட்டக் கொட்டகையில் வைத்துவிட்டு மரமேறியவருக்குக் கோயில் மணியோ பள்ளி மணியோ ஒலிபெருக்கியோதான் எட்டும்.

இம்மழையின் நன்மையையும் மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். கோடை இடிமழை பூண்டி ஏரியையோ பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கேயுள்ள நீர்த்தேக்கத்தையோ நிரப்பிவிடாது. காய்ந்த மண் அதனைக் குடித்துவிடும். அவ்வாறு குடிப்பதே அதன் பயன். 20 மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 200 கன மீட்டர் நீருக்குச் சமம். செம்மண் நிலத்தில் கோடை உழவு செய்ய இது போதுமானது. கோடை உழவு செய்த நிலம் அடுத்த மழையை ஓடவிடாமல் ஏற்றுக்கொள்ளும். களைகளும் மண்ணுள் உறங்கும் பூச்சிக் கூடுகளும் வெயிலுக்கு வெளிப்படும். எந்த மாலையில் மழை பெய்தது, எவ்வளவு பெய்தது என்பது அந்தந்தக் கிராமத்திற்குத் தெரிந்தால்தான் ஏர் பூட்டும் நாளை முடிவு செய்ய இயலும்.

நிர்வாக நோக்கில் எஞ்சியிருப்பது எல்லைச் சிக்கல். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பில் திருத்தணி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேட்டைச் சூழ்ந்த பகுதிகள் ஆந்திரத்திற்கும் சென்றன. எல்லையின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குகின்றன. மேகமோ திருப்பதி மாவட்டத்தில் எழுந்து திருவள்ளூர் மாவட்டத்தில் பொழிகிறது. எச்சரிக்கைகள் மாவட்ட வாரியாகவும் மாநில வாரியாகவும் வெளியிடப்படுகின்றன. ஆந்திரத்திற்கு அமராவதியிலிருந்தும் தமிழ்நாட்டிற்குச் சென்னையிலிருந்தும் அறிவிப்பு வருகிறது. ஊத்துக்கோட்டை வட்டாட்சியருக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி, சில கிலோமீட்டர் தொலைவில் அண்டை மாநிலத்து மண்டல அலுவலகத்தில் இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை மேற்கொண்டது. ஆந்திரமும் மண்டல அளவில் தானியங்கி நிலையங்களை அமைத்துள்ளது. ஆர்வலர்கள் இரு மாநிலங்களின் அளவீடுகளையும் ஒரே தாளில் எழுதிவைத்து ஒப்பிடுகிறார்கள். எல்லையோர வட்டங்களின் அலுவலர்கள் மே முதல் செப்டம்பர் வரையிலான மாலைகளில் இரு மாநில அறிவிப்புகளையும் சேர்த்துப் பெறுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓர் உத்தரவும் ஒரு தொலைபேசிப் பட்டியலும் போதும்.