ஓடிப்போனவர்கள் அல்ல

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கில்லீன் நகரை ஒட்டி ஃபோர்ட் ஹூட் இராணுவத் தளம் இருக்கிறது. 2023இல் ஃபோர்ட் கவாசோஸ் என்று பெயர் மாற்றப்பட்டு, 2025இல் பழைய பெயருக்கே திரும்பிய தளம். 2020ஆம் ஆண்டில் அங்கு வீரர்கள் அடுத்தடுத்துக் காணாமல் போனதும் இறந்ததும் உலகச் செய்தியாயின. அந்தச் சாவுகளைப் பற்றிச் சில நம்பிக்கைகள் இன்றும் உலவுகின்றன. அவற்றில் ஒன்று உயிரோடு விளையாடியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலை வருகைக் கணக்கில் ஒரு வீரர் இல்லையென்றால் அவர் ஓடிப்போயிருப்பார் என்பதுதான் அது. இளம் வயது, கடுமையான வேலை, சலித்துப்போய்க் கிளம்பியிருப்பார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தரைப்படை விதிப்படி அனுமதியின்றி 30 நாள் வராதவரைத் தப்பியோடியவராகக் கருதலாம். 2019 ஆகஸ்டில் காணாமல் போன ஒரு வீரருக்கு அந்த முத்திரைதான் விழுந்தது. அவர் இராணுவத்திலிருந்து முறையாக விடைபெறவே சில நாட்கள்தான் பாக்கி இருந்தன. அப்படிப்பட்டவர் எதற்காக ஓட வேண்டும்? அவரைப் பெற்றவள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். 2020 ஜூனில் கில்லீனில் ஒரு வெளியில் அவருடைய எச்சங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் முத்திரை நீங்கி, இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்படும் உரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

வனெஸ்ஸா கியென் என்ற 20 வயதுப் பெண் வீரருக்கும் இதேதான் நடந்தது. 3ஆவது குதிரைப்படை ரெஜிமெண்டில் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. 2020 ஏப்ரல் 22 அன்று காணாமல் போனார். கார்ச் சாவி, அடையாள அட்டை, பணப்பை எல்லாம் அவர் வேலை பார்த்த ஆயுத அறையிலேயே கிடந்தன. ஓடிப்போக நினைப்பவர் சாவியை விட்டுவிட்டா போவார்? ஆனாலும் பதிவேட்டில் அவர் அனுமதியின்றி வராதவர் ஆனார். ஜூன் 30 அன்று லியோன் ஆற்றங்கரையில் அவர் உடலின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர் தளத்துக்குள்ளேயே, ஆயுத அறை ஒன்றில், சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். சந்தேகிக்கப்பட்ட சக வீரர், போலீஸ் நெருங்கியபோது தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். உடலை மறைக்க அவருக்கு உதவிய பெண்ணுக்கு 2023இல் 30 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

வனெஸ்ஸா புகார் எதுவும் கொடுக்கவில்லை, பிறகு எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும் என்ற வாதமும் உண்டு. இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மேலதிகாரி ஒருவர் வனெஸ்ஸாவுக்கு இருமுறை பாலியல் தொல்லை கொடுத்ததையும், விஷயம் தலைமைக்குச் சொல்லப்பட்டும் யாரும் விசாரிக்காததையும் தரைப்படையே நடத்திய விசாரணை 2021 ஏப்ரலில் உறுதிசெய்தது. 21 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த மேலதிகாரிதான் கொலையாளி என்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. இருவரும் வெவ்வேறு ஆட்கள். கொலையாளி வனெஸ்ஸாவுக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றும், அவன் வேறொரு பெண் வீரருக்குத் தொல்லை கொடுத்திருந்தான் என்றும் அதே விசாரணை சொன்னது.

புகார் கொடுக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். ஐந்து சிவிலியன்கள் அடங்கிய சுயேச்சைக் குழு அந்தத் தளத்தின் பெண் வீரர்களிடம் பேசியபோது, பாலியல் வன்கொடுமை பற்றி நம்பத்தக்க 93 சம்பவங்கள் வெளிவந்தன. அவற்றில் முறையாகப் புகாரானவை 59. பழிவாங்கப்படுவோம், பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் மற்றவர்களின் வாயைக் கட்டியிருந்தது.

தொடர்கொலையாளி ஒருவன் தளத்துக்குள் உலவுகிறான், அந்த இடத்துக்கே சாபம் என்றெல்லாம் கதைகள் பரவின. உண்மை இதைவிடக் கசப்பானது. 2016 முதல் 2020 வரை அங்கு தற்கொலைகள் எழுபதைத் தாண்டின. கொலைகள் பத்துக்கும் குறைவு. மற்றவற்றில் விபத்துகளும் நோய்களும் அடங்கும். ஒரு கொலைகாரனைத் தேடுவது சுலபம். தன் உயிரையே முடித்துக்கொள்ளும் நிலைக்கு ஓர் இளைஞன் வந்ததை அவனுடைய சார்ஜண்ட் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பதுதான் கடினம்.

பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள் மட்டும் என்பதும் சரியல்ல. பாலியல் அத்துமீறல் புகார் கொடுத்திருந்த 23 வயது ஆண் சார்ஜண்ட் ஒருவர் 2020 ஆகஸ்டில் காணாமல் போய், பக்கத்து ஊரான டெம்பிளில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடிவானது. அவர் கொடுத்த புகாரை விசாரணை உறுதிப்படுத்தவில்லை.

சந்தேக நபர் செத்துவிட்டான், கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சுயேச்சைக் குழுவின் அறிக்கையே பதில். 2020 டிசம்பரில் வெளியான அது 9 முடிவுகளையும் 70 பரிந்துரைகளையும் முன்வைத்தது. பாலியல் குற்றங்களைச் சகித்துக்கொள்ளும் சூழல் அங்கு நிலவியது, குற்றப் புலனாய்வுப் பிரிவில் அனுபவம் குறைந்தவர்களே நிறைந்திருந்தார்கள், வராத வீரரை முதல் சில மணி நேரங்களில் எப்படித் தேடுவது என்பதற்கு நடைமுறையே இல்லை என்று அது சொன்னது. 14 அதிகாரிகளும் தலைமை வீரர்களும் பதவி நீக்கப்பட்டார்கள் அல்லது இடைநிறுத்தப்பட்டார்கள். வனெஸ்ஸாவின் தாயும் சகோதரிகளும் தெருவில் நின்று நடத்திய போராட்டத்தின் பலனாக 2021 டிசம்பரில் சட்டமும் மாறியது. பாலியல் வன்கொடுமை வழக்கைத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு, வீரரின் தளபதியிடமிருந்து தனி வழக்கறிஞர்களின் கைக்குப் போனது.

காணாமல் போவோர் பற்றிய விதியையும் தரைப்படை திருத்தியது. இப்போது ஒரு வீரர் வரவில்லையென்றால், 48 மணி நேரம் வரை அவர் ‘இருப்பிடம் தெரியாதவர்’. அந்த நேரத்துக்குள் அவரைத் தேட வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர் தாமாகவே போனார் என்பதற்குச் சான்று இருந்தால்தான் அனுமதியின்றி வராதவர் என்று எழுதலாம்.