வீட்டு வை-ஃபைக்குப் பூட்டுப் போட்டாச்சா?

கணினிப் பாடம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். உங்களுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் எங்கள் கிளையின் இளைஞர் முகாம் நடந்தது. நான் கிளைச் செயலாளர். முகாமுக்கு வந்த 43 பிள்ளைகளின் பதிவுப் பாரங்கள், அடையாள அட்டை நகல்கள், பெற்றோரின் கைப்பேசி எண்கள் எல்லாம் என் மடிக்கணினியில் இருந்தன. முகாம் முடிந்த வாரம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இணையம் நகரவே இல்லை.

"அண்ணே, லைன் ரொம்ப ஸ்லோவா இருக்கு. கேம் ஆடவே முடியல. நீ என்ன டவுன்லோட் பண்ற?" என்று தம்பி கத்தினான்.

"நான் ஒண்ணும் பண்ணலடா. நீதான் ஏதாவது பண்ணியிருப்ப."

இருவரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான், மோடத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாம் எல்லாரும் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டியின் சரியான பெயர் ரௌட்டர். வீட்டுக்கு வரும் இணையத்தை எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. யார் யார் அதோடு இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் அதற்குள் இருக்கும்.

எங்கள் வீட்டில் கைப்பேசி நான்கு, கணினி இரண்டு, தொலைக்காட்சி ஒன்று. மொத்தம் ஏழு. பட்டியலில் இருந்தது பன்னிரண்டு.

தம்பியைக் கூப்பிட்டேன். கேம் விளையாட வந்த கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் பாஸ்வர்ட் கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். மிச்சம் மூன்று யாருடையவை? இன்றுவரை தெரியாது. ஆனால் எப்படி உள்ளே வந்திருக்கலாம் என்று அன்றே புரிந்துவிட்டது. எங்கள் வை-ஃபை கடவுச்சொல் அப்பாவின் கைப்பேசி எண். அப்பா ஏர்கோன் சர்வீஸ் செய்பவர். அந்த எண் அவருடைய வேனின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. வேன் நிற்பது வீட்டு வாசலில்!

இதுவரை சிரிப்புதான். அடுத்துப் பார்த்ததில் எனக்கு வியர்த்துவிட்டது. முகாமுக்கு முன்னால் எங்கள் பொருளாளர் வீட்டுக்கு வந்தபோது, ரசீதுகளை அவருடைய கணினிக்கு மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று முகாம் கோப்புறையை எல்லாருக்கும் பகிர்ந்து வைத்திருந்தேன். கடவுச்சொல் கேட்க வேண்டாம் என்றும் அமைத்திருந்தேன். அவர் போன பிறகு அதை மூட மறந்துவிட்டேன். அதாவது, எங்கள் வை-ஃபையில் இருந்த அந்த மூன்று பேரும் நினைத்திருந்தால் 43 பிள்ளைகளின் அடையாள அட்டைகளையும் திறந்து பார்த்திருக்கலாம்.

யாரும் பார்த்தார்களா? தெரியாது. 'தெரியாது' என்ற பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அம்மாவின் கைப்பேசி எண் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால், மோசடிக்காரன் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு "உங்க மகன் ஆஸ்பத்திரியில இருக்கான், உடனே பணம் அனுப்புங்க" என்று நம்பும்படி பேசிவிடுவான். பெற்றோர் அந்த நகல்களைக் கொடுத்தது நம் முகத்தைப் பார்த்து, நம் இயக்கத்தை நம்பி.

சரி, பாடத்துக்கு வருவோம். இன்றைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. உள்ளே போய் எண்ணிப் பாருங்கள்

ரௌட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியும், உள்ளே போகும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வீட்டு வை-ஃபையில் இருந்துகொண்டே உலாவியில் அந்த முகவரியைத் தட்டுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் தேடுங்கள். வீட்டில் உள்ள கருவிகளைத் தாளில் எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

2. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்

வை-ஃபையில் சேரும் கடவுச்சொல் வேறு, ரௌட்டருக்குள் போய் அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் வேறு. பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. பழைய பெட்டிகளில் அது 'அட்மின், அட்மின்' என்றே கிடக்கும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த இப்படிப்பட்ட 60-க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் முயன்று பார்த்தே, ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அந்த வருடம் அக்டோபரில் அந்தக் கருவிகளை ஏவித்தான் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் தடுமாற வைத்தார்கள். கருவிகளின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

3. சரியான பூட்டைத் தேர்ந்தெடுங்கள்

வயர்லெஸ் பாதுகாப்பு என்ற பக்கத்தில் சில எழுத்துகள் வரும். டபிள்யூ.இ.பி. என்பது மிகப் பழைய பூட்டு. அதை எப்படி உடைப்பது என்று 2001-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இன்று அது சில நிமிட வேலை. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 என்றால் பக்கத்தில் ஏ.இ.எஸ். என்று இருக்க வேண்டும். பெட்டியில் டபிள்யூ.இ.பி. மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

4. சாவி நீளமாக இருக்கட்டும்

டபிள்யூ.பி.ஏ.2-இல் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். கைப்பேசி எண் ஏன் ஆகாது தெரியுமா? வேனில் எழுதாவிட்டாலும் ஆகாது. நம் நாட்டுப் 10 இலக்க எண்ணில் முதல் இரண்டு 01 என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் 8 இலக்கம், அதாவது 100 மில்லியன் வாய்ப்புகள். உங்கள் கைப்பேசி வை-ஃபையில் சேரும் அந்த ஒரு நொடியில் நடக்கும் பேச்சை, வெளியே காரில் உட்கார்ந்திருப்பவன் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். பிறகு அவன் வீட்டில் கணினியை விட்டு ஒவ்வொரு எண்ணாக முயன்று பார்ப்பான். கேம் விளையாட வாங்கிய நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் அது சில நிமிட வேலை. உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஒரு வாக்கியம் போல வையுங்கள். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கும். கணினிக்கு ஊகிக்கக் கஷ்டம். பிறந்த நாள், வீட்டு எண், கார் எண், இஷ்ட தெய்வத்தின் பெயர் மட்டும் என்று வைக்காதீர்கள். உங்களைத் தெரிந்த யாரும் முதலில் அதைத்தான் முயன்று பார்ப்பார்கள்.

5. டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வையுங்கள்

கடவுச்சொல் தட்டாமல் 8 இலக்க எண்ணை வைத்து இணைவதற்கான வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் ரௌட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது என்றும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது என்றும் 2011-இல் வெளியானது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சிக்குள் கதவு திறந்துவிடும். நீங்கள் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் இது பின்வாசல்.

6. விருந்தாளிக்குத் தனி வை-ஃபை

தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கடிப்பதற்கு முன்னாலேயே "வை-ஃபை பாஸ்வர்ட் என்ன?" என்று கேட்பார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு மனம் வராது. சொல்லவும் வேண்டாம். இப்போதைய ரௌட்டர்களில் பெரும்பாலும் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி இருக்கிறது. வந்தவர்கள் இணையம் பார்க்கலாம். உங்கள் கணினியும் பிரிண்டரும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. விழா முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தம்பியின் கூட்டாளிகளும் இப்போது எங்கள் வீட்டில் இதில்தான்.

இரண்டு விஷயங்களை நம்பி ஏமாறாதீர்கள். வை-ஃபை பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. இலவச மென்பொருளே அதைக் கண்டுபிடித்துவிடும். குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் 'மேக்' வடிகட்டியும் அப்படித்தான். அந்த முகவரி காற்றில் வெளிப்படையாகப் போகிறது. அதைப் பார்த்து அப்படியே நகல் செய்யலாம்.

7. இனி கணினிக்குள்

பகிர்ந்து வைத்த கோப்புறைகளை இன்றே பாருங்கள். வேலை முடிந்தால் பகிர்வை மூடுங்கள். வெளியிடத்து வை-ஃபையில் இணையும்போது விண்டோஸ் அது பொது இடமா, தனி இடமா என்று கேட்டால் 'பப்ளிக்' என்று சொல்லுங்கள். உங்கள் கணினி மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

"அப்டேட் வந்திருக்கு" என்று கேட்டால் "அப்புறம்" என்று தள்ளாதீர்கள். 2017 மே 12-இல் வானாகிரை என்ற தீநிரல் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதம் "அப்புறம்" என்றவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். ரௌட்டருக்கும் அப்டேட் உண்டு, அதையும் பாருங்கள்.

முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வெளி ஹார்ட்டிஸ்க்கில் இருக்கட்டும். பிரதி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

8. மாமாக் கடையில்

தே தாரிக் குடித்துக்கொண்டே இலவச வை-ஃபையில் வங்கி வேலை பார்க்க வேண்டாம். உங்கள் சொந்த டேட்டாவில் செய்யுங்கள். கடையின் பெயரிலேயே யார் வேண்டுமானாலும் ஒரு வை-ஃபை திறக்கலாம். உலாவியில் பூட்டுச் சின்னம் இருந்தால், நடுவில் இருப்பவன் உங்கள் செய்தியைப் படிக்க முடியாது என்றுதான் அர்த்தம். அந்தத் தளத்தை நடத்துபவன் நல்லவன் என்று அர்த்தம் இல்லை. முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம்; உடனே 997 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள்.

சரி, அந்த 43 பாரங்கள் என்ன ஆயின? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னேன். தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முகாம்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு அந்த ஐசி நகல வெச்சிருக்கோம்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. வழக்கமாக வாங்குவோம், வழக்கமாக வைத்திருப்போம், அவ்வளவுதான். அன்றே நகல்களை அழித்தோம். தேவையில்லாத விவரத்தை இனி கேட்பதில்லை, முகாம் முடிந்த ஒரு மாதத்தில் மிச்சத்தையும் அழிப்பது என்று முடிவெடுத்தோம். நம்மிடம் இல்லாத ஒன்றை யாராலும் நம்மிடமிருந்து திருட முடியாது. பெற்றோருக்கும் விஷயத்தைத் தெரிவித்து, முகாம் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தோம். ஒருவர் கோபமாகப் பேசினார். அது நியாயமான கோபம். கேட்டுக்கொண்டேன்.

நண்பர்களே, ஆயுத பூஜைக்கு நாம் மடிக்கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். நானும் வருடா வருடம் வைத்தவன்தான், உள்ளே கோப்புறையைத் திறந்து போட்டுக்கொண்டே! இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். பூஜைக்கு முதல் நாள் ரௌட்டர் கடவுச்சொல்லை மாற்றுவோம், கருவிகளை எண்ணுவோம், பிரதி எடுப்போம். அதற்குப் பிறகுதான் பொட்டு.

ஆனால் நீங்கள் பூஜை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இதெல்லாம் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். அம்மா அப்பாவுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். இந்த வாரம் ரௌட்டர் பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த கிளைக் கூட்டத்தில் எத்தனை இருந்தது என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஏழுதான். அப்பாவின் வேனில் அவர் எண் அப்படியே இருக்கிறது. அது வேலைக்குக் கூப்பிட மட்டும்.